டெல்லியில் ஒரு கன்வெர்ட்டிபிள், ஓடியது வெறும் 14,000 கி.மீ... டோக்கன் அட்வான்ஸ் போடும் முன் இதைப் படிங்க!

இன்ஸ்டாகிராம் ரீல்ஸைத் தள்ளிக்கொண்டே போனால் எப்படியும் ஒன்று கண்ணில் படும். டெல்லி ஷோரூம், பளபளவென்று ஒரு ஆடி அல்லது பிஎம்டபிள்யூ, பட்டனை அழுத்தியதும் கூரை மடங்கிப் பின்னால் போகும். கீழே மூன்று வரி: 'சிங்கிள் ஓனர், 14,000 கி.மீ., ஆல் இந்தியா டெலிவரி'. விலையைப் பார்த்தால் சென்னையில் ஒரு புது எஸ்யூவி வாங்கும் காசுதான்.

மனசு அலைபாயத்தான் செய்யும். அதில் தப்பே இல்லை. ஆனால், 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கும், நீங்கள் தொட்டுக்கூடப் பார்க்காத ஒரு காரை நம்பி பல லட்சம் அனுப்பப் போகிறீர்கள். அந்த நம்பிக்கைக்கு ஆதாரமாக உங்கள் கையில் இருப்பது ஓடோமீட்டரில் தெரியும் ஓர் எண் மட்டும்தான். அந்த எண்ணுக்கு உண்மையில் எவ்வளவு மதிப்பு கொடுக்கலாம்?

டெல்லி கார் ஏன் சீப்?

டெல்லி என்.சி.ஆர். பகுதியில் 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டியும், 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டியும் ஓடக் கூடாது என்ற தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவை உச்ச நீதிமன்றம் 2018-ல் உறுதி செய்தது. 2025 ஆகஸ்டில், வயதை மட்டும் காரணம் காட்டி உரிமையாளர்கள் மீது கட்டாய நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று அதே நீதிமன்றம் சொன்னது. டிசம்பரில் அந்தப் பாதுகாப்பை பிஎஸ்-4 மற்றும் அதற்கு மேற்பட்ட வண்டிகளுக்கு மட்டும் என்று சுருக்கியது. இந்தக் குழப்பம் தொடரும்வரை, 'இப்பவே வித்துடலாம்' என்று நினைக்கும் உரிமையாளர்கள் அங்கே இருப்பார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்த நெருக்கடி பெரும்பாலும் டீசல் வண்டிகளுக்கானது. இந்தியாவில் விற்ற கன்வெர்ட்டிபிள்களில் பெரும்பாலானவை பெட்ரோல். 2014-ல் பதிவான ஒரு பெட்ரோல் கார் 2029 வரை டெல்லியிலேயே ஓடலாம். அப்படியிருக்க, 'என்.ஜி.டி. ரூல்னாலதான் சார் இவ்ளோ கம்மி' என்று டீலர் சொன்னால், விலை குறைவுக்கு வேறு காரணம் இருக்கிறதா என்று கேட்பது உங்கள் வேலை.

கம்மி கிலோமீட்டர் நல்லதுதானே?

எப்போதும் இல்லை. கார் ஓடினால் தேயும். ஓடாமல் நின்றாலும் கெடும். 10 வயதுக் கார் 14,000 கி.மீ. ஓடியிருக்கிறது என்றால், மாதத்துக்குச் சுமார் 115 கி.மீ. வாரத்துக்கு ஒருமுறை ஒரு ரவுண்டு. மற்ற நேரமெல்லாம் பேஸ்மென்ட்டில் தூக்கம்.

அந்தத் தூக்கத்தில் என்ன நடக்கும்? பேட்டரி இறங்கும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுக்கும். அதனால்தான், ஓடினாலும் ஓடாவிட்டாலும் சுமார் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றச் சொல்கிறார்கள். ரப்பர் சீல்களும் புஷ்களும் காய்ந்து வெடிக்கும். டேங்கில் கிடக்கும் எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை ஈர்த்து பம்ப்பையும் இன்ஜெக்டரையும் பதம் பார்க்கும். எலி வயரைக் கடித்திருந்தால் அது தனிக் கதை.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்த டயர். பட்டன் முழுசாக இருந்தாலும் டயர் வயதானால் ரப்பர் இறுகிவிடும். ஒரு செட் லக்ஸுரி டயர் மாற்றவே லட்சத்தை நெருங்கலாம்.

அந்த 14,000 நிஜமா?

டிஜிட்டல் மீட்டரை லேப்டாப்பும் ஒரு கருவியும் இருந்தால் சில நிமிடங்களில் குறைத்துவிடலாம். அதனால் மீட்டரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பாருங்கள்.

• அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் ஒவ்வொரு சர்வீஸின்போதும் கிலோமீட்டர் பதிவாகும். அந்த வரலாற்றை டீலர் அனுப்பும் பி.டி.எஃப்.பில் பார்க்காதீர்கள். சேசிஸ் எண்ணைக் கொடுத்து சர்வீஸ் சென்டர் வழியாகவே சரிபாருங்கள்.

• ஜெர்மன் கார்கள் பலவற்றில் ஓடிய தூரம் மீட்டரில் மட்டுமல்ல, வேறு கன்ட்ரோல் யூனிட்களிலும் பதிவாகும். ஸ்கேன் செய்து எண்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கச் சொல்லலாம்.

• 14,000 கி.மீ. ஓடிய காரில் ஸ்டீயரிங் லெதர் வழுவழுவென்று தேய்ந்திருக்காது. பிரேக் பெடல் ரப்பர் மழுங்கியிருக்காது. டிரைவர் சீட்டின் ஓரம் கசங்கியிருக்காது.

• சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சேறு, கறை, வாடை இருந்தால் வெள்ளத்தில் நின்ற காராக இருக்கலாம். 2023 ஜூலையில் டெல்லியில் யமுனை 208.66 மீட்டர் என்ற உச்சத்தைத் தொட்டது நினைவிருக்கும். அதே ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னையும் மூழ்கியது. வெள்ளக் கார்கள் மூழ்கிய ஊரில் விற்பதில்லை. கதை தெரியாத ஊருக்குத்தான் போகும்.

கூரைதான் ஹீரோ... வில்லனும் அதுதான்

சாதாரண செடானையும் கன்வெர்ட்டிபிளையும் பிரிப்பது கூரை. ஆடி ஏ3 கேப்ரியோலே போன்றவற்றில் துணிக் கூரை. 2009-ல் வந்த தலைமுறை பிஎம்டபிள்யூ இசட்4-ல் மடியும் உலோகக் கூரை. எதுவாக இருந்தாலும் உள்ளே மோட்டார், ஹைட்ராலிக் பம்ப், சிலிண்டர், சென்சார் என்று ஒரு குட்டி ஃபேக்டரியே இருக்கிறது. ஒரு சென்சார் சொதப்பினால்கூட கூரை பாதியில் நின்றுவிடும். மழையில் அப்படி நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கூரையில் விழும் தண்ணீர் வெளியேறச் சிறிய வடிகால் குழாய்கள் உண்டு. இலையும் தூசியும் அடைத்தால் தண்ணீர் காருக்குள் இறங்கும். கார்பெட்டுக்கு அடியில் வயரிங், சில மாடல்களில் கன்ட்ரோல் யூனிட்டும்கூட இருக்கும். டெல்லியின் தூசியில் பல ஆண்டு நின்ற காரில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

வீடியோ காலில் கூரையை ஒருமுறை திறந்து காட்டினால் போதாது. இன்ஜின் சூடான பிறகு, ஐந்து முறையாவது முழுசாகத் திறந்து மூடச் சொல்லுங்கள், வெட்டு இல்லாத ஒரே வீடியோவாக. பிறகு கூரையை மூடிவிட்டு 10 நிமிடம் தண்ணீர் பாய்ச்சி, உள்ளே கார்பெட்டைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். நல்ல டீலர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

கணக்கு எங்கே இடிக்கும்?

பலரும் சறுக்குவது இங்கேதான். உதாரணத்துக்கு, புதிதாக 45 லட்சத்துக்கு வாங்கிய காரை இப்போது 20 லட்சத்துக்குக் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

வெளிமாநிலக் காரைத் தமிழ்நாட்டில் பதிவு செய்யும்போது ஆயுள் வரி கட்ட வேண்டும். அந்த வரி நீங்கள் கொடுத்த 20 லட்சத்தின் மேல் வராது. காரின் அசல் விலையை அடிப்படையாக வைத்து, வயதுக்கேற்பக் குறையும் விகிதத்தில் கணக்கிடுவார்கள். 2023 நவம்பரில் தமிழ்நாடு வரி விகிதங்களை உயர்த்தியது. 20 லட்சத்துக்கு மேற்பட்ட புது கார்களுக்கு இப்போது 20 சதவீதம். பழைய காருக்கு விகிதம் குறைவு என்றாலும், அடிப்படைத் தொகை பெரிது என்பதால் வரியும் லட்சங்களில் வரும். அட்வான்ஸ் போடும் முன் உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தொகையைக் கேட்டுவிடுங்கள்.

'டெல்லியில் கட்டிய வரி ரீஃபண்ட் வரும்' என்பார்கள். வரலாம். ஆனால் அதற்கும் விண்ணப்பம், ஆவணம், காத்திருப்பு எல்லாம் உண்டு. வந்தால் லாபம் என்று வையுங்கள், பட்ஜெட்டில் சேர்க்காதீர்கள்.

இதோடு ட்ரக்கில் கொண்டுவரும் செலவு, அதற்கான டிரான்சிட் இன்சூரன்ஸ், புது பாலிசி, டயர், பேட்டரி, எல்லா ஆயிலும் மாற்றும் முதல் சர்வீஸ் என எல்லாவற்றையும் கூட்டுங்கள். 10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு டீலர் 1 சதவீதம் டி.சி.எஸ். வசூலிக்கலாம்; அதை வருமான வரித் தாக்கலில் கழித்துக்கொள்ளலாம். எல்லாம் கூட்டிய தொகையை, சென்னையிலோ பெங்களூருவிலோ நேரில் பார்த்து வாங்கக்கூடிய இதே மாதிரிக் காரின் விலையோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் ஓரிரு லட்சம்தான் என்றால், அந்தத் தூரம் எடுக்கும் ரிஸ்க்குக்கு அது ஈடாகாது.

பேப்பர்தான் பாதி கார்

2023 ஏப்ரல் முதல் அமலில் இருக்கும் மத்திய விதிகளின்படி, பழைய வாகன டீலர்கள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும். உரிமையாளர் காரை டீலரிடம் ஒப்படைத்ததைப் படிவம் 29சி மூலம் தெரிவித்தால், அந்த டீலர் 'கருதப்படும் உரிமையாளர்' ஆவார். அதன்பிறகு என்.ஓ.சி.க்கும் பெயர் மாற்றத்துக்கும் அவரே விண்ணப்பிக்க முடியும். எனவே முதல் கேள்வி, 'அங்கீகாரச் சான்று இருக்கா? இந்தக் காருக்கு 29சி போட்டாச்சா?' என்பதுதான்.

பிறகு செய்ய வேண்டியவை:

1. எம்பரிவாகன் செயலியில் ஆர்.சி. விவரம், எத்தனையாவது ஓனர், வங்கிக் கடன், இன்சூரன்ஸ் எல்லாம் பாருங்கள். இ-சலான் தளத்தில் அபராத பாக்கி, தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 'வாகன் சமன்வய்' தளத்தில் திருட்டு வழக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

2. டீலருக்குச் சம்பந்தமில்லாத மெக்கானிக்கையோ, அந்த பிராண்டின் சர்வீஸ் சென்டரையோ வைத்து ஆய்வு செய்யுங்கள். சில ஆயிரம் செலவாகும். முடிந்தால் நீங்களே ஒரு நாள் விமானம் ஏறிப் போய்ப் பாருங்கள்.

3. ஓடிய கிலோமீட்டர், விபத்து இல்லை, வெள்ளம் இல்லை, என்.ஓ.சி. எத்தனை நாளில், தவறினால் பணம் எப்படித் திரும்பும் என்று எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப் வாய்ஸ் நோட் ஒப்பந்தம் ஆகாது.

4. பணம் நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கு மட்டும் போகட்டும். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஒரு பகுதியை என்.ஓ.சி. கைக்கு வரும்வரை நிறுத்திவையுங்கள்.

வாங்கிய 30 நாளுக்குள் உரிமை மாற்றத்தைப் பதிவு அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் புது நம்பர் கட்டாயம். இதை 'ஒரு வருஷம் டெல்லி நம்பர்லயே ஓட்டலாம்' என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெயர் மாற்றத்துக்கும் வரிக்கும் அது பொருந்தாது. இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். இல்லாவிட்டால், உங்கள் காருக்கு ஏற்படும் சேதத்துக்கான கிளெய்ம் சிக்கலாகும். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது; அது காருக்கானதல்ல, ஆளுக்கானது.

ஏமாந்தால் டெல்லிக்கு அலையணுமா?

வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, நீங்கள் வசிக்கும் அல்லது வேலை செய்யும் ஊரின் ஆணையத்திலேயே புகார் கொடுக்க வழி செய்கிறது. கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம் போதும். இரண்டு ஆண்டுக்குள் புகார் தர வேண்டும். முதல் கட்டமாக 1915 உதவி எண்ணை அழைக்கலாம். பணத்தை வாங்கிக்கொண்டு ஆளே காணாமல் போனால், உடனே 1930 சைபர் குற்ற உதவி எண். ஆனால் ஆணையத்தின் முன் ஜெயிப்பது உங்கள் கோபம் அல்ல, எழுத்தில் வாங்கிய அந்த ஒப்பந்தம்தான்.

அரசு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது

எல்லா எச்சரிக்கையையும் வாங்குபவர் தலையிலேயே கட்டுவது நியாயமில்லை. பிரிட்டனில் ஆண்டுதோறும் நடக்கும் எம்.ஓ.டி. சோதனையில் பதிவாகும் ஓடிய தூரத்தை யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பெல்ஜியத்தில் பழைய கார் விற்பவர், கிலோமீட்டர் வரலாறு அடங்கிய 'கார்-பாஸ்' சான்றைத் தர வேண்டும்.

இங்கே தனியார் காருக்கு முதல் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். அதுவரை எந்த அரசு அதிகாரியும் மீட்டரைப் பார்க்க வேண்டிய அவசியமே வராது. ஆனால் சர்வீஸ், இன்சூரன்ஸ் புதுப்பிப்பு, புகைச் சான்று என்று ஆண்டுக்கு ஒருமுறையாவது கார் யாரோ ஒருவர் கண்ணில் படத்தான் செய்கிறது. அந்த நேரத்தில் மீட்டர் எண்ணைப் படமெடுத்து வாகன் தளத்தில் ஏற்றி, மக்கள் பார்க்கும்படி வைத்தாலே மீட்டர் திருத்தும் தொழில் பாதி படுத்துவிடும். 20 லட்சம் ரூபாய் கன்வெர்ட்டிபிள் வாங்குபவரைவிட, 2 லட்சம் ரூபாய் ஆல்ட்டோ வாங்கும் குடும்பத்துக்குத்தான் இது அதிகம் தேவை.

அதுவரை ஒரே விதிதான். கம்மி கிலோமீட்டர் என்று யாராவது சொன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள்: 'எப்படி நிரூபிப்பீங்க? மற்ற நாளெல்லாம் கார் எங்கே நின்னுச்சு?' இரண்டுக்கும் பேப்பரோடு பதில் வந்தால், தாராளமாக டெல்லிக்கு டிக்கெட் போடுங்கள். வராவிட்டால், அடுத்த ரீலுக்குத் தள்ளிவிடுங்கள்.