ஆறு மாதம் ஏன் என்று சொல்லுங்கள்

இரண்டு மாதம் மாத்திரை சாப்பிட்டதும் காசநோயாளிக்கு இருமல் அடங்கிவிடும். பசி எடுக்கும், முகம் தெளியும். அப்போதுதான் கேட்பார்கள்: “அதான் சளியில கிருமி இல்லைன்னு வந்துருச்சே சார், இன்னும் எதுக்கு நாலு மாசம்?” அரசு மருத்துவமனை ஆய்வகத்தில் சளி பரிசோதிப்பவன் நான். இந்தக் கேள்விக்கு நாம் பெரும்பாலும் சொல்லும் பதில், “ஆறு மாசம்னா ஆறு மாசம்தான்.” உத்தரவு போடுகிறோமே தவிர, காரணம் சொல்வதில்லை. மாத்திரையைக் கொடுப்பது எப்படி நம் கடமையோ, அதேபோலக் காரணத்தைச் சொல்வதும் கடமைதான்.

சளியைக் கண்ணாடித் துண்டில் பூசி, உலர்த்தி, சிவப்புச் சாயம் ஊற்றி அடியில் தீ காட்டுவோம். பிறகு அமிலத்தால் கழுவி, நீலச் சாயம் ஏற்றுவோம். காசநோய்க் கிருமியின் மெழுகு போன்ற கொழுப்பு உறை, அமிலம் பட்டாலும் சிவப்பை விடாது. அதனால் நீலப் பரப்பில் சிவப்புக் குச்சிகள் தெரியும்; சில தனித்தனியாக, சில கற்றையாக. இரண்டு மாதத்துக்குப் பிறகு அதே ஆளின் ஸ்லைடில் பெரும்பாலும் வெறும் நீலம்தான். ‘நெகட்டிவ்’ என்று எழுதும்போது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு மில்லிலிட்டர் சளியில் ஏறக்குறைய 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் நுண்ணோக்கியில் தட்டுப்படும். நுரையீரலுக்குள் ஆழத்தில் கிடப்பவை சளியோடு வெளியே வரவேண்டும் என்பதும் இல்லை.

அங்கே கிடப்பவை தாம் இருக்கும் இடத்தை நன்றாக அறிந்துகொண்டுதான் கிடக்கின்றன. நம் உடலின் மேக்ரோபேஜ் செல்கள் கிருமியை விழுங்கி, ஒரு பைக்குள் அடைத்து, அமிலத்தால் அழிக்கப் பார்க்கும். அமிலம் ஏறுவதைக் கிருமி உணர்கிறது. அந்தப் பை முழுதாக அமிலமாகாதபடி தடுத்தும் விடுகிறது. உடல் விடுவதில்லை. செல்களைச் சுற்றிலும் அடுக்கிக் கோட்டை கட்டுகிறது. உள்ளே ஆக்சிஜன் குறைகிறது, நைட்ரிக் ஆக்சைடு சேர்கிறது. இந்த மாற்றத்தை மோப்பம் பிடிக்கக் கிருமியிடம் இரண்டு உணரிகள் இருக்கின்றன: டாஸ்-எஸ், டாஸ்-டி. நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினில் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் அதே ஹீம்தான் இவற்றிலும் இருக்கிறது. அதைவிட்டு ஆக்சிஜன் விலகினாலோ, நைட்ரிக் ஆக்சைடு வந்து ஒட்டினாலோ, டாஸ்-ஆர் என்ற புரதத்துக்குச் செய்தி போகும். உடனே ஐம்பது மரபணுக்கள் வரை விழித்துக்கொள்ளும். கிருமி பெருகுவதை நிறுத்தி, கொழுப்பைச் சேமித்து, நம் செல்லின் கொலஸ்ட்ராலைக்கூடத் தின்று காலம் தள்ளும். இந்த ஏற்பாட்டை டெவ்-ஆர் என்ற பெயரில் அடையாளம் கண்டு 2000-ஆம் ஆண்டில் விவரித்தவர்களில் டெல்லி எய்ம்ஸின் ஜெயா தியாகி குழுவும் உண்டு.

ஐசோனியாசிட் மாத்திரை, கிருமி தன் உறையைக் கட்டும் வேலையைக் கெடுத்துக் கொல்கிறது. பெருகாமல் கிடக்கும் கிருமி புது உறை கட்டுவதில்லை. மருந்து அதை எங்கே பிடிப்பது? அதனால்தான் மற்ற மருந்துகளும் சேர்கின்றன. அவற்றில் பைரசினமைடு எனக்கு எப்போதும் வியப்பூட்டுவது. சாதாரண ஆய்வக ஊடகத்தில் அதற்கு வீரியம் இருக்காது. அமிலச் சூழலில்தான் வேலை செய்யும். கிருமி பதுங்கியிருக்கும் இடத்துக்கே போய் அடிக்கும் மருந்து. ரிஃபாம்பிசினும் இதுவும் சேர்ந்துதான் சிகிச்சையை ஆறு மாதத்துக்குக் கொண்டுவந்தன. இதே மருந்துகளை அதற்குமுன்பே நிறுத்தினால், பதுங்கியவை எழுந்துவிடக்கூடும்.

கோடையில் குளம் வற்றும்போது சேற்றுக்குள் இறங்கிக் கிடந்து, மழை வந்ததும் மேலே வரும் விராலைப் பார்த்தவர்களுக்கு இதை விளங்கவைக்க ஐந்து நிமிடம் போதும். ஒரு லாரி ஓட்டுநர் பாதியில் மருந்தை விட்டுவிட்டு மறுபடி இருமலோடு வந்தார். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போனதைப் பார்த்துச் சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று பயந்துபோய் நிறுத்தியிருக்கிறார். ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் அப்படித்தான் போகும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. பதிவேட்டில் மட்டும் அவரை ‘மருந்தை விட்டவர்’ என்று எழுதிவிட்டோம். “அண்ணே, உட்காருங்க” என்று விரால் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, “அப்போ எங்க வீட்ல இருக்கிறவங்க உள்ளயும் அது படுத்துக் கிடக்குமா சார்?” என்றார். மிகச் சரியான கேள்வி. கிருமி தொற்றியவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது நோய் வரலாம். நீரிழிவோ, ஊட்டச்சத்துக் குறைவோ, எச்.ஐ.வி.யோ இருந்தால் ஆபத்து இன்னும் கூடும். வாரம் ஒரு முறை வீதம் 12 வாரம் எடுக்கும் தடுப்பு சிகிச்சை இருக்கிறது. மனைவியையும் அம்மாவையும் அவரே கூட்டிவந்தார்.

காசநோயாளியை சானடோரியத்தில் படுக்கவைக்கத் தேவையில்லை, வீட்டிலிருந்தே குணமாக்கலாம் என்று உலகுக்குக் காட்டியது சென்னைதான். 1956-இல் இங்கே தொடங்கிய காசநோய் ஆய்வு மையம் 193 நோயாளிகளை வைத்து நடத்திய ஆய்வு 1959-இல் வெளியானது. அன்றிலிருந்து மாத்திரையை விழுங்கும் பொறுப்பு நோயாளியின் வீட்டுக்கு வந்துவிட்டது. காரணத்தையும் அவர் வீடுவரை கொண்டுசேர்க்க வேண்டும். முதல் நாள் மாத்திரை அட்டையைக் கையில் கொடுக்கும்போதே, சிறுநீரின் நிறம், பதுங்கும் கிருமி, வீட்டாருக்கான பரிசோதனை மூன்றையும் உட்காரவைத்துச் சொல்ல ஒரு ஆளையும் ஐந்து நிமிடத்தையும் அரசு ஒதுக்க வேண்டும். ஒரு நாளும் மருந்தை விடாதீர்கள் என்று சொல்லிவிட்டு, “ஸ்டாக் வரல, அடுத்த வாரம் வாங்க” என்று அதே ஆளைத் திருப்பி அனுப்பும் நிலைமை எந்த மையத்திலும் இருக்கக் கூடாது.