பொல்லானிடம் மட்டும் ஏன் ரசீது கேட்கிறார்கள்?

போன மாதம் எங்கள் ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு வட்டத்தில், போர்க்காலத்தில் ஒற்றர்களாக மாறிய சாதாரண மனிதர்களைப் பற்றிய நாவல்கள் குறித்துப் பேச்சு வந்தது. எல்லாம் ஐரோப்பிய நாவல்கள். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போயிருக்கும் தங்கை ஒருத்தி தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "ஏனுங்க்கா, நம்ம பொல்லான் நெசமாலுமே இருந்தாருங்களா? கட்டுக்கதைன்னு காலேஜ்ல சிரிக்கறாங்க."

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. தீரன் சின்னமலை கம்பெனிப் படையோடு மோதிக்கொண்டிருந்த காலத்தில், அருந்ததியரான பொல்லான் கம்பெனி முகாமில் வேலை பார்த்துக்கொண்டே அங்கு நடப்பதைச் செருப்புக்குள் கடிதமாக வைத்துத் தைத்துச் சின்னமலைக்கு அனுப்பினார். அது பிடிபட்டது. 1805 ஆடி 1இல் அரச்சலூர்ப் பக்கம் அவரைக் கொன்றார்கள். அதே ஆடியில் சங்ககிரிக் கோட்டையில் சின்னமலையைத் தூக்கிலிட்டார்கள். நம் மக்கள் வாய்வழியாகக் காத்து வந்த வரலாறு இது. 2025 நவம்பரில் மொடக்குறிச்சி அருகே ஜெயராமபுரத்தில் பொல்லானுக்குச் சிலையும் அரங்கமும் அரசு சார்பில் திறக்கப்பட்டன. ஆனாலும் கேள்வி ஓயவில்லை: ஆவணம் எங்கே?

கேட்கட்டும், தப்பில்லை. ஆனால் சின்னமலைக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? மைசூருக்குப் போன வரிப்பணத்தைப் பறித்துவிட்டு, சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவில் ஒரு சின்னமலை பிடுங்கிக்கொண்டது என்று போய்ச் சொல்லச் சொன்னாராம். கொங்கில் இது தெரியாத குழந்தை கிடையாது. அதுவும் வாய்வழிக் கதைதான். அதற்கு யாரும் ரசீது கேட்டதில்லை. அவரைக் காட்டிக்கொடுத்ததாகச் சொல்லப்படும் சமையல்காரர் நல்லப்பனுக்கும் யாரும் ஆதாரம் கேட்பதில்லை. தலைவனின் வீரத்தையும் வேலைக்காரனின் துரோகத்தையும் அப்படியே நம்புகிறோம். செருப்புத் தைத்தவனின் அறிவு என்று வரும்போதுதான் நமக்குத் திடீரென்று ஆராய்ச்சி மனம் வந்துவிடுகிறது.

அதிலும் ஒற்றனிடம் போய் ஆவணம் கேட்பது விசித்திரம். எழுத்தில் சிக்காமல் இருப்பதுதானே அவன் தொழில்? திருக்குறளில் ஒற்றாடலுக்கு என்று தனி அதிகாரமே உண்டு. அதன் கடைசிக் குறள், ஒற்றனுக்குப் பிறர் அறியச் சிறப்புச் செய்யாதே, செய்தால் ரகசியத்தை நீயே வெளியிட்டதாகிவிடும் என்கிறது.

வேறொரு நாட்டில் நடந்ததைப் பாருங்கள். அமெரிக்க விடுதலைப் போரில், 1781இல், வர்ஜீனியாவைச் சேர்ந்த ஜேம்ஸ் என்ற கறுப்பின அடிமை லஃபாயெத் என்ற தளபதிக்காக ஆங்கிலேயர் முகாமில் வேலையாளாகப் புகுந்து உளவு பார்த்தார். போர் முடிந்ததும், படைவீரராகப் போரிட்ட அடிமைகளுக்கு விடுதலை தர 1783இல் சட்டம் வந்தது. ஜேம்ஸுக்கு அது பொருந்தவில்லை. அவர் வீரர் இல்லை, ஒற்றர்! லஃபாயெத் 1784இல் கைப்படச் சான்று எழுதிக் கொடுத்து, ஜேம்ஸ் சட்டமன்றத்துக்கு மனுப் போட்டு, 1787இல்தான் விடுதலை கிடைத்தது. அவருக்குச் சான்று கொடுக்கத் தளபதி உயிரோடு இருந்தார். பொல்லானின் தளபதியோ அதே மாதம் தூக்கில் தொங்கினார். ஜேம்ஸ் வேவு பார்த்த முகாமின் தலைவர் கார்ன்வாலிஸ். அதே கார்ன்வாலிஸ்தான் 1805 ஜூலை இறுதியில், சின்னமலையைத் தூக்கிலிட்ட அதே நாட்களில், இரண்டாம் முறையாக இங்கே கவர்னர் ஜெனரலாகப் பொறுப்பேற்றார்.

ஜேம்ஸாலும் பொல்லானாலும் எதிரி முகாமில் எப்படி உலவ முடிந்தது? எந்தப் படைக்கும் தோல் வேலை வேண்டும். சேணம், கடிவாளம், வார், செருப்பு. மாதாரி உள்ளே வருவான், போவான், யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். கம்பெனிச் சிப்பாய்களில் பெரும்பாலோர் நம் நாட்டு ஆட்கள்தான், சாதியையும் கூடவே கொண்டுவந்தவர்கள். அவன் கை பட்ட செருப்பைத் தொட்டுப் பிரித்துப் பார்க்க எவனுக்கு மனம் வந்திருக்கும்? நெல்லைச் சீமையில் ஒண்டிவீரனைப் பற்றிச் சொல்லப்படும் கதையிலும் அவர் எதிரி முகாமுக்குள் தோல் தொழிலாளியாகத்தான் போகிறார். ஊர்த் தெருவில் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது என்று யாரைத் தடுத்தார்களோ, அவர்கள் செருப்பையே தபால்பெட்டி ஆக்கியிருக்கிறார்கள். தீண்டாமை அவரை முகாமில் மறைத்தது. ஏட்டிலிருந்தும் அதுதான் மறைத்தது என்று நினைக்கிறேன்.

நாவல் விஷயத்துக்கு வருகிறேன். தமிழ் வரலாற்று நாவலுக்கு ஒற்றன் புதியவன் இல்லை. பொன்னியின் செல்வனில் ஓலை சுமக்கும் வந்தியத்தேவன் வாணர் குலத்தவன், வேவு பார்க்கும் ஆழ்வார்க்கடியான் வைணவன். அவர்களுக்குக் காதல் உண்டு, நக்கல் உண்டு, சந்தேகம் உண்டு. பொல்லானைப் பற்றி நம் மேடைகளில் பேசும்போது நாமே அவருக்குக் கொடுப்பது ஒரே ஒரு குணம்தான்: விசுவாசம். எனக்கு இது உறுத்துகிறது. தலைவனுக்கு வீரம், நமக்கு விசுவாசம் என்றால் பண்ணையத்து உறவைத்தானே திரும்பவும் எழுதுகிறோம்? ஜேம்ஸ் உயிரைப் பணயம் வைத்ததில் தன் விடுதலைக்கான எதிர்பார்ப்பும் இருந்திருக்காதா? பொல்லான் என்ன எதிர்பார்த்தார்? கம்பெனிக்காரன் போனால் மாதாரி வளவுக்கு என்ன மாறும் என்று அவர் வீட்டில் யாராவது கேட்டிருக்க மாட்டார்களா? ஆடு மேய்க்கும் சக்கிலிப் பையன்களின் மனதுக்குள் போக பெருமாள்முருகனின் கூளமாதாரியால் முடிந்தது. 1805இன் ஒரு மனிதனுக்குள்ளும் போக முடியும். ஆவணத்தையும் விட வேண்டாம். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கம்பெனிக் காலத்துப் பதிவேடுகள் இருக்கின்றன. ஆய்வு மாணவர்கள் யாராவது உட்கார்ந்து தேடுங்கள். சின்னமலைக்கும் பொல்லானுக்கும் ஒரே அளவுகோல் வைத்துத் தேடுங்கள்.

அந்தத் தங்கையிடம் இதையெல்லாம் சொன்னேன். அவள் நாவல் எழுதுவதாகச் சொல்லவில்லை. அவளுடைய அப்பிச்சி செருப்புத் தைத்தவராம். போன வாரம் போன் செய்தாள்.

"கேட்டனுங்க்கா. குதிகால்ல வெச்சா மிதிபட்டுக் கடுதாசி கிழிஞ்சு போயிருமாமா, நடுப்பாதத்துலதான் வெக்கோணுமாமா. தையலைப் பிரிச்சா, பழைய ஓட்டையிலயே ஊசியை விட்டுத் தைக்கோணும், இல்லீனா பாத்தொடனே தெரிஞ்சுபோயிருங்கறாரு."