ஏரிக்கரைக்கு ஒரு சுமைதாங்கி

பறவை பார்ப்பது லேசான பொழுதுபோக்கு என்று பலர் நினைக்கிறார்கள். டெலஸ்கோப்பைத் தோளில் வைத்துக்கொண்டு ஏரிக்கரையில் ஒரு மைல் நடந்து பார்க்கட்டும். அப்போது தெரியும், அது லேசா, கனமா என்று!

சென்னைக்கு மேற்கே ஏரிகளுக்குப் பஞ்சம் இல்லை. அம்பத்தூர் ஏரி இருக்கிறது. கொரட்டூர் ஏரி இருக்கிறது. ஆவடியில் இருந்து பூந்தமல்லி போகும் வழியில் பருத்திப்பட்டு ஏரி இருக்கிறது. பூந்தமல்லியைத் தாண்டிப் போனால் செம்பரம்பாக்கம் ஏரி கடல்போல் விரிந்து கிடக்கிறது. 24 அடி ஆழம். நிரம்பினால் 364 கோடியே 50 லட்சம் கன அடி தண்ணீர் பிடிக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த ஏரிகள் நிரம்புகின்றன. மார்கழி பிறப்பதற்குள் விருந்தாளிகள் வந்துவிடுகிறார்கள். கூழைக்கடா, நாமக்கோழி, மஞ்சள் மூக்கு நாரை எல்லாம் நம் நாட்டிலேயே குஞ்சு பொரிப்பவை. நீலச்சிறகி, ஊசிவால் வாத்து ஆகியவை வடக்கே வெகு தூரத்தில் இருந்து இமயமலையையும் தாண்டி வருகின்றன. கொசு உள்ளான் என்று ஒரு பறவை உண்டு. சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும். எடை சுமார் 25 கிராம். வடதுருவத்தை ஒட்டிய பனி நிலத்தில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்குப் பயந்து இங்கே வருகிறது.

இவ்வளவு தூரம் பறந்து வந்த பறவை, நம் பக்கத்தில் வந்து நிற்குமா? நிற்காது. தண்ணீர் வற்ற வற்ற, அது சேற்று ஓரத்தில் இரை தேடும். கரைக்கும் அதற்கும் 400 மீட்டர் தூரம் இருக்கலாம். சாதாரண பைனாகுலர் 8 மடங்கு பெரிதாகக் காட்டும். அதில் பார்த்தால் 50 மீட்டரில் நிற்பதுபோல் தெரியும். சிட்டுக்குருவி அளவுள்ள ஒரு பறவையை 50 மீட்டரில் பார்த்து என்ன பெயர் சொல்வது? டெலஸ்கோப் 40 மடங்கு பெரிதாகக் காட்டும். அதில் பார்த்தால் 10 மீட்டரில் நிற்பதுபோல் இருக்கும். மூக்கும் தெரியும், காலும் தெரியும், இறகின் வரியும் தெரியும்.

ஆகவே டெலஸ்கோப் வேண்டும். கடைக்காரர்கள் "ஸ்பாட்டிங் ஸ்கோப்" என்று சொல்வது இதைத்தான். இதைக் கையில் பிடித்துப் பார்க்க முடியாது. 40 மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி, கை நடுக்கத்தையும் 40 மடங்கு பெரிதாக்கிவிடும். அதனால் மூன்று கால் ஸ்டாண்டும் வேண்டும்.

இங்கேதான் கஷ்டம் ஆரம்பிக்கிறது. பெரிய டெலஸ்கோப் ஒன்றரை முதல் 2 கிலோ இருக்கும். நல்ல ஸ்டாண்டு 2 கிலோ அல்லது அதற்கும் மேல். இரண்டும் சேர்ந்தால் 4 கிலோ. 25 கிராம் பறவையைப் பார்க்க 4 கிலோ சாமான்! பறவைகளில் 160-ஐ ஒரே தட்டில் வைத்தால்தான் தராசு சமமாகும்.

கலப்பை தூக்குவதுபோல்

4 கிலோ ஒரு பெரிய பாரமா என்று கேட்கலாம். சந்தையில் மூட்டை தூக்குகிறவர் சிரிப்பார். ஆனால் அவர் தூக்கும் முறை வேறு. நம்மவர்கள் தூக்கும் முறை வேறு.

டெலஸ்கோப்பை ஸ்டாண்டில் பூட்டியபடியே, கால்களையும் மடக்காமல், கலப்பை தூக்குவதுபோல் ஒரே தோளில் சாய்த்துக்கொண்டு நடக்கிறார்கள். பறவை காத்திருக்காது, கண்ட உடனே இறக்கிப் பார்க்க வேண்டும் என்று காரணம் சொல்கிறார்கள். காரணம் நியாயம்தான். ஆனால் ஸ்டாண்டின் கால் இரும்புக் கம்பிபோல் எலும்பில் அழுத்துகிறது. பாரம் ஒரு பக்கமே இருப்பதால் உடம்பு மறுபக்கம் சாய்கிறது. கழுத்து இழுக்கிறது. ஒரு மணி நேரத்தில் இடுப்பும் பிடித்துக்கொள்கிறது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. பருத்திப்பட்டு ஏரியைச் சீர்செய்து, 2019-ஆம் ஆண்டில் பூங்காவாகத் திறந்தார்கள். சுற்றிலும் நடைபாதை இருக்கிறது. காலையில் பெரியவர்கள் உலாவுகிறார்கள். குழந்தைகள் ஓடுகின்றன. தோளில் ஸ்டாண்டு வைத்திருப்பவர் "அதோ பார், நாரை!" என்று சட்டென்று திரும்பினால், பின்னால் வருகிற குழந்தையின் முகத்தில் இடித்துவிடும். ஸ்டாண்டின் திருகு கழன்று டெலஸ்கோப் கீழே விழுந்தாலும் போச்சு. மலிவான டெலஸ்கோப்பே சில ஆயிரம் ரூபாய் ஆகும்.

இதன் முடிவு என்ன? வயது 50-ஐத் தாண்டியவர்கள் "நமக்கு எதற்கு?" என்று டெலஸ்கோப்பை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். பெண்களிலும் பலர் பைனாகுலரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வீட்டில் வாங்கிய கண்ணாடி வீட்டிலேயே தூங்குகிறது. பிள்ளைகள் ஏரிக்குப் போய், தூரத்தில் கறுப்புப் புள்ளிகளைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். மறுவாரம் கூப்பிட்டால் வருவார்களா?

நம் பாட்டிமார் கண்ட வழி

பாரம் சுமக்கும் வித்தையை நாம் வெளிநாட்டில் போய்க் கற்க வேண்டியது இல்லை. தலையில் கூடை சுமக்கும் பெண் முதலில் என்ன செய்கிறாள்? துணியைச் சுருட்டிச் சும்மாடு வைக்கிறாள். தண்ணீர்க் குடத்தை எங்கே வைக்கிறாள்? இடுப்பில். தோளைவிட இடுப்பு அதிக பாரம் தாங்கும் என்பதை அவளுக்கு எந்த டாக்டரும் சொல்லவில்லை. காவடி எடுப்பவர் பாரத்தை இரண்டு பக்கமும் சமமாகப் பிரித்துக்கொள்கிறார்.

இதை அப்படியே டெலஸ்கோப்புக்கும் செய்யலாம்.

தோளில்தான் வைப்பேன் என்கிறவர்கள் ஸ்டாண்டின் கால்களுக்குச் சும்மாடு கட்டட்டும். ஏ.சி. மெஷினின் செம்புக் குழாய்மீது கறுப்பு நிறத்தில் மெத்தென்று ஓர் உறை போட்டிருப்பார்கள். அது கடைகளில் கிடைக்கும். நீளவாக்கில் கீறி, ஸ்டாண்டின் மேல் பகுதியில் மாட்டி, நாடாவால் கட்டினால் போதும். அது கிடைக்காவிட்டால் பழைய வேட்டித் துணி இருக்கவே இருக்கிறது.

என் அபிப்பிராயம், அதைவிட முதுகில் மாட்டுவதுதான் சிறந்தது. பள்ளிப் பிள்ளைகள் புத்தகப் பை மாட்டுவதுபோல் இரண்டு தோளிலும் மாட்ட வேண்டும். இதற்கென்றே தயாரான வார்கள் விற்கின்றன. வாங்க வசதி இல்லாதவர்கள் பழைய பள்ளிப் பையின் வார்களைப் பை தைக்கிறவரிடம் கொடுத்து, ஸ்டாண்டின் இரண்டு கால்களில் மாட்டும்படி தைத்துக்கொள்ளலாம். இடுப்புக்கும் ஒரு பட்டை வைத்தால் பாதி பாரம் அங்கே இறங்கிவிடும். கை இரண்டும் காலியாக இருக்கும். பைனாகுலரைப் பிடிக்கலாம், பேரன் கையையும் பிடிக்கலாம். ஒன்று மட்டும் கவனம்: டெலஸ்கோப் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். கருவேல மரத்தடியில் குனிந்து போக வேண்டும்.

ரயிலிலும் பஸ்ஸிலும் இப்படிப் போகக்கூடாது. ஆவடி ரயில் கூட்டத்தில் ஸ்டாண்டை மடக்கி ஒரு துணிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். சக பிரயாணிகள் வாழ்த்துவார்கள்.

வாங்கும்போதே யோசிப்பது இன்னும் நல்லது. முன் கண்ணாடி 80 மில்லிமீட்டர் அகலம் உள்ளதைவிட, 60 அல்லது 65 மில்லிமீட்டர் உள்ளது எடை குறைவு. விடியற்காலை மங்கலில் பெரியது கொஞ்சம் தெளிவாகக் காட்டும் என்பது வாஸ்தவம். ஆனால் வீட்டில் கிடக்கும் பெரிய கண்ணாடியைவிட ஏரிக்கு வரும் சின்னக் கண்ணாடி மேல். கண் வைக்கும் பக்கம் சாய்வாக உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். குனிந்து பார்க்கலாம் என்பதால் ஸ்டாண்டு உயரமாக இருக்க வேண்டியது இல்லை. அப்பாவும் பார்க்கலாம், 8 வயதுப் பிள்ளையும் பார்க்கலாம். நான்கு குடும்பம் சேர்ந்து போனால் ஒரு டெலஸ்கோப் போதும். முறை வைத்துச் சுமக்கலாம்.

கல் நடுங்கள்

இவ்வளவும் நாம் செய்து கொள்ளக்கூடியவை. ஏரிகளைப் பராமரிக்கிற இலாகாக்கள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது.

அந்தக் காலத்தில் சாலை ஓரங்களில் சுமைதாங்கிக் கல் நட்டார்கள். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்கே வைப்பார்கள். பிரசவத்துக்கு முன்பே சுமையோடு இறந்த கர்ப்பிணியின் நினைவாக அதை நடுவது வழக்கம். தலைச்சுமைக்காரர் யாருடைய உதவியும் இல்லாமல் மூட்டையை அதன்மேல் இறக்கி வைக்கலாம். பிறகு தானே தூக்கிக்கொண்டு போகலாம். இன்றும் சில ஊர்களில் அந்தக் கற்கள் நிற்கின்றன.

அதே கல்லை ஏரிக்கரையில் நட்டால் என்ன? மார்பளவு உயரத்தில் ஒன்று. பக்கத்திலேயே பிள்ளைகளுக்குக் குட்டையாக ஒன்று. மேல் பக்கம் தட்டையாக இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

இதில் பெரிய லாபம் என்ன தெரியுமா? ஸ்டாண்டே வேண்டாம்! சின்னத் துணிப் பையில் பயறோ மணலோ போட்டுத் தைத்து, கல்லின்மேல் வைத்து, அதன்மேல் டெலஸ்கோப்பைப் படுக்க வைத்தால் ஆடாமல் நிற்கும். 4 கிலோ பாரம் பாதியாகக் குறையும். 70 வயதுத் தாத்தாவும் தோள்பையில் போட்டுக்கொண்டு வந்துவிடலாம். டெலஸ்கோப் இல்லாதவர்களுக்கு இளநீர் வைக்கவும், முதியவர்கள் சாய்ந்து நிற்கவும் அந்தக் கல் உதவும்.

படகு விடுகிறார்கள், ஊஞ்சல் போடுகிறார்கள், வண்ண விளக்கு எரிகிறது. வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆறு கல் நட எவ்வளவு செலவாகிவிடும்? அம்பத்தூரில் 1964 முதல் தொழிற்பேட்டை இருக்கிறது. கல் வேண்டாம், இரும்புதான் வேண்டும் என்றால், துருப்பிடிக்காத இரும்பில் அங்குள்ள பட்டறைகள் செய்து தராதா?

2015 முதல் ஒவ்வோர் ஆண்டும் பொங்கல் 4 நாட்களும் தமிழ்நாட்டில் பறவைக் கணக்கு எடுக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம். வருகிற பொங்கலுக்குள் பருத்திப்பட்டில் ஒரு கல்லையாவது நட்டுப் பார்க்கலாமே?

நடுகிறவர்கள் கிழக்குக் கரையில் நட வேண்டும். காலையில் சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும். பறவையின் நிறம் தெளிவாகத் தெரியும். மேற்குக் கரையில் நட்டால் சூரியன் எதிரே நிற்கும். டெலஸ்கோப்பைத் தவறிச் சூரியன் பக்கம் திருப்பிப் பார்த்தால் கண்ணே போய்விடும். பிள்ளைகளுக்கு இதை முதலிலேயே சொல்லி வையுங்கள்.