ரசீது இல்லாத வரி

பி.காம். படித்தவன் காதில் 'வரி' என்ற வார்த்தை விழுந்தால் போதும், தூக்கத்தில்கூட எழுந்து உட்கார்ந்துவிடுவான். வருமான வரி, தொழில் வரி, சொத்து வரி... எல்லாவற்றுக்கும் ரசீது உண்டு. ரசீதே இல்லாத வரி ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. கட்டுகிறவர்கள் கறுப்பின ஆசிரியர்கள். 'கண்ணுக்குத் தெரியாத வரி' என்று 2016-ல் இதைப் பற்றி எழுதியவர் சாதாரண ஆசாமி இல்லை ஸார். ஒபாமா அமைச்சரவையில் கல்வி மந்திரியாக இருந்த ஜான் கிங்!

அது எப்படி என்கிறீர்களா? ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பது ஆசிரியர்கள். கறுப்பர் ஒரே ஒருத்தர். கணக்கு வாத்தியார் என்றே வைத்துக்கொள்வோம். வேறு வகுப்பில் ஒரு கறுப்புப் பையன் முரண்டு பிடித்தால், "நீங்க சொன்னாத்தான் கேட்பான்" என்று இவரிடம் தள்ளிவிடுவார்கள். பிப்ரவரி, கறுப்பர் வரலாற்று மாதம். விழா ஏற்பாடு இவர் தலையில். பெற்றோர் சண்டைக்கு வந்தால் சமாதானத் தூதரும் இவரே. கணக்கு எப்படி நடத்தலாம் என்று மட்டும் ஒருத்தரும் யோசனை கேட்கமாட்டார்கள். சக ஆசிரியர் யாராவது நிறத்தைப் பற்றி நறுக்கென்று ஒரு வார்த்தை விட்டால், சிரித்து மழுப்ப வேண்டும். முறைத்தால் 'கோபக்காரர்' என்று முத்திரை விழும். இத்தனைக்கும் ஓவர்டைம் பூஜ்யம்.

இப்படி உள்ளுக்குள்ளேயே விழுங்கி விழுங்கித் தூக்கம் போகும், தலைவலி வரும், ரத்த அழுத்தம் ஏறும். யூட்டா பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ஸ்மித் இதற்கு 'இனப் போர்க்களைப்பு' என்று பெயர் வைத்தார். போர்முனையில் நிற்கும் சிப்பாயின் களைப்பு, சாக்பீஸ் பிடித்தவருக்கு!

வேரைத் தேடினால் 1954-க்குப் போக வேண்டும். கறுப்பு, வெள்ளைப் பிள்ளைகளைத் தனித்தனிப் பள்ளிகளில் பிரித்து வைப்பது செல்லாது என்று பிரவுன் வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. அருமையான தீர்ப்பு. நடந்தது என்ன? தென் மாநிலங்களில் கறுப்பர் பள்ளிகளை இழுத்து மூடினார்கள். பிள்ளைகள் வெள்ளைப் பள்ளிக்கு, வாத்தியார்கள் வீட்டுக்கு! அடுத்த பத்துப் பதினோரு வருஷங்களில் வேலை போனவர்கள் சுமார் 38,000 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

அந்தப் பள்ளம் இன்னும் தூரவில்லை. 2020-21 கணக்குப்படி அரசுப் பள்ளி மாணவர்களில் கறுப்பர் சுமார் 15 சதவிகிதம், ஆசிரியர்களில் 6 சதவிகிதம்தான். ஆள் குறையக் குறைய, இருக்கிற ஒருத்தர் தலையில் வரி ஏறுகிறது. தாங்காமல் அவரும் போய்விட்டால்?

நஷ்டம் பிள்ளைகளுக்கு. மூன்றாம் வகுப்புக்குள் ஒரே ஒரு கறுப்பு ஆசிரியரிடம் படித்தால்கூட, கறுப்புக் குழந்தைகள் பின்னாளில் கல்லூரியில் சேரும் வாய்ப்பு சுமார் 13 சதவிகிதம் கூடுகிறது என்று பொருளாதார நிபுணர்கள் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள்.

இவ்வளவு லாபம் தருகிறவருக்கு 'நல்ல மனுஷன்' பட்டம் மட்டும் போதாது. அந்தக் கூடுதல் வேலைக்கு டைம்டேபிளில் நேரம், சம்பளத்தில் பணம், பாரத்தில் பங்கு... மூன்றும் வேண்டும். இல்லையென்றால் ஒருநாள் அவர் ராஜினாமாவை நீட்டுவார். அத்தனை வருஷம் கட்டிய வரிக்குக் கடைசியில் அவரே எழுதிக் கொடுக்கிற ரசீது அது.