லக்ஷ்மியும் பார்வதியும்

பேத்தியின் புண்யாஹவாசனத்துக்கு இரண்டு நாளே இருந்த நிலையில், திருவனந்தபுரம் வலியசாலையில் எங்கள் அண்டை வீட்டு மாமி திண்ணைக்கு வந்து, "லக்ஷ்மின்னு வெக்கட்டுமா, பார்வதின்னு வெக்கட்டுமா, நீங்களே சொல்லுங்கோ" என்று கேட்டார். இரண்டும் தேவியின் நாமங்களே. ஆயினும் அவை மனத்தில் எழுப்பும் சித்திரங்கள் ஒன்றல்ல.

பார்வதி என்னும்போது முதலெழுத்திலேயே வாய் அகலத் திறந்து ஓசை நீள்கிறது. லக்ஷ்மி என்னும்போது நடுவில் ஒரு கணம் தடைப்பட்ட மூச்சு, மகரத்தில் இதழ்கள் கூடி அடங்குகிறது. முன்னவள் பர்வதராஜனின் புத்திரி. பின்னவள் பெயரின் மூலப்பொருள் அடையாளம், லக்ஷணம் என்பது. ஆதலால் லக்ஷ்மி என்றதும் கோலமிட்டு விளக்கேற்றிய வாசலும், பார்வதி என்றதும் கடுந்தவம் இயற்றி விரும்பிய வரனையே அடைந்த கன்னியின் திடசித்தமும் நினைவுக்கு வர, சாந்தத்தை ஒருத்திக்கும் உறுதியை மற்றொருத்திக்குமாக நாமே பாகம் பிரித்துவிடுகிறோம்.

அந்தப் பாகப்பிரிவினை செல்லாது என்பதற்கு இந்நகரத்தின் சரித்திரமே சாக்ஷி. 1810இல் திருவிதாங்கூரின் ஆட்சியை ஏற்ற கௌரி லக்ஷ்மி பாயி, இருபது வயதை ஒட்டிய இளம்பெண்ணாக இருந்தும், 1812இல் அடிமைகளை வாங்குவதையும் விற்பதையும் தடைசெய்தார். வயலோடு பிணைந்த உழவடிமைகளை அந்தத் தடை காக்கவில்லை என்ற குறை உண்டெனினும், அது சாந்தம் மட்டுமே செய்யக்கூடிய காரியமன்று. அவருக்குப்பின் ரீஜண்டாக இருந்த தங்கை கௌரி பார்வதி பாயியோ, 1817இல், ஜனங்களின் கல்விச் செலவு முழுவதையும் ராஜ்யமே ஏற்கவேண்டும் என்று கட்டளையிட்டார். மேலும், லக்ஷ்மி பெற்று இளம்பருவத்திலேயே விட்டுச்சென்ற, பின்னாளில் கீர்த்தனங்கள் இயற்றிய மன்னர் சுவாதித் திருநாளை வளர்த்தவர் பார்வதி. உறுதி என்று நாம் பெயரிட்ட இடத்தில் தாய்மையின் கனிவே இருந்தது.

ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்குப்பின் அதே இரு நாமங்கள் மீண்டும் இணைந்து வந்தன. ஓவியர் ரவிவர்மாவின் புத்திரிகள் இருவருக்குப் பிறந்து, 1900இல் அரச குடும்பத்தில் சுவீகாரமாக வந்த சிறுமிகள் சேதுலக்ஷ்மி பாயி, சேதுபார்வதி பாயி எனப்பட்டனர். பெயரின் முன்னுள்ள அந்தச் சேது, ராமேசுவர யாத்திரையில் செய்த பிரார்த்தனையின் நினைவாக வந்தது என்பர். சேதுலக்ஷ்மி, 1924 முதல் 1931 வரை ரீஜண்டாக ஆண்டவர். வைக்கம் சத்தியாக்கிரகத்தின் முடிவில் கோயிலைச் சுற்றிய சாலைகளில் மூன்று எல்லோருக்கும் திறந்தது அவர் காலத்தில்தான். சேதுபார்வதி வீணை வாசிப்பவர். முத்தையா பாகவதர், செம்மங்குடி சீனிவாசய்யர் போன்ற வித்வான்களைக்கொண்டு சுவாதித் திருநாளின் கீர்த்தனங்களைத் தேடித் திரட்டி மீண்டும் பாடச் செய்வதற்கு ஆதரவாக நின்றவர். லக்ஷ்மி பெற்றெடுத்து ஒரு பார்வதி வளர்த்த பிள்ளையின் சங்கீதத்தை, மற்றொரு பார்வதி வளர்த்தார் என்று எண்ணும்போது எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது.

ஆதலின் மாமிக்கு நான் சொன்னது இதுவே: "எந்தப் பெயரானாலும் வையுங்கோ. லக்ஷ்மியானால், எழுத்துக்கூட்டிப் படிக்கும் வயதில் 1812ஐச் சொல்லுங்கோ, பார்வதியானால் 1817ஐ. தன் பெயரில் ஏற்கெனவே எவ்வளவு சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்று குழந்தைக்குத் தெரியட்டும்."