விழாவுக்கு வேலி எதற்கு?

மார்கழிப் பனி கல்வராயன் மலையிலிருந்து இறங்குகிறது. கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வண்டிகள் வரிசை கட்டி நிற்கின்றன. சாலையோரத் தேநீர்க் கடையிலே காகித நட்சத்திரம் தொங்குகிறது. கடைக்காரர் நெற்றியிலே திருநீறு. கூரையிலே பெத்லகேம் விண்மீன்!

"என்னய்யா, மதம் மாறிவிட்டீரா?" என்றோம்.

சிரித்தார். "பொங்கலுக்கு அவங்க நம்மகிட்ட கரும்பு வாங்கலையா? அது மாதிரிதாங்க" என்றார்.

இந்தச் சிரிப்பைச் சகிக்காதோர் சிலர் நாட்டிலே உண்டு. "அவர்கள் பண்டிகை உனக்கெதற்கு?" என்று உறுமுகிறார்கள். ஏதோ நேற்று முளைத்த நாகரிகம் என்று அவர்களுக்கு நினைப்பு! வரலாறு அறியாதார் வாய்ப்பேச்சு அது.

விருத்தாசலத்தை அடுத்த கோணான்குப்பத்திலே பெரியநாயகி மாதா கோயில் இருக்கிறது. அதைத் தோற்றுவித்தவர் இத்தாலியிலே பிறந்து, தேம்பாவணி பாடி, தமிழுக்கு அணி செய்த வீரமாமுனிவர். 1968-ல் உலகத் தமிழ் மாநாட்டின்போது சென்னைக் கடற்கரையிலே சிலையாக எழுந்தாரே, அவரேதான். கோயில் கட்ட உதவியவர் யார்? முகாசாபரூர்ப் பாளையக்காரர் கச்சிராயர் என்கிறது தலத்தின் மரபுக்கதை. நம் ஊர்ப்பெயரிலே ஒலிக்கும் அதே பெயர்! அவர் கிறித்தவரல்லர். பிள்ளையில்லாத அவர், புதரிலே கிடைத்த மாதா சிலையை வீட்டிலே வைத்து வணங்கினார், பிள்ளை பிறந்தது என்கிறது அக்கதை. வணங்கினால் பிள்ளை பிறக்குமா என்ற வழக்கை இன்று நாம் எடுக்கவில்லை. ஏக்கம் பிடித்த மனிதன் மதத்தின் எல்லைக்கல்லைப் பார்ப்பதில்லை என்பதே நாம் காட்ட விரும்புவது.

முனிவரும் இம்மண்ணை அறிந்தவர். மாதாவுக்குத் தமிழ்ப்பெண்ணின் கோலம் தந்தார். பெரியநாயகி என்று பெயரிட்டார். விருத்தாசலத்துச் சிவன் கோயில் அம்மனுக்கும் அதே பெயர்! அழைக்கும் பெயர் சொந்தப் பெயரானால், அந்நியம் எங்கே நிற்கும்?

வேளாங்கண்ணிக்குச் செல்வோரைப் பாருங்கள். ஆகஸ்ட் 29 கொடியேற்றம். செப்டம்பர் 8 திருவிழா. காவி உடுத்திக் கால்நடையாகப் போகிறார்கள். மொட்டை, தொட்டில், தேர் என்று பழனியிலும் சமயபுரத்திலும் பழகிய சடங்கெல்லாம் அங்கேயும் உண்டு. நோய் தீரவேண்டும், கடன் தீரவேண்டும், மகள் கழுத்திலே தாலி ஏறவேண்டும் — ஏழையின் விண்ணப்பத்திலே மதம் எழுதும் கட்டம் கிடையாது!

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமசுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணிக் கரையிலே ஆழிப்பேரலை புகுந்தது. பல ஊர்களிலிருந்து வந்தோர் மாண்டனர். அலை எவரிடமும் மதம் கேட்கவில்லை.

ஆக, மதத்தின் வேலியை மக்கள் எப்போதோ தாண்டிவிட்டார்கள். தாண்டாத வேலி எது? தோழர்களே, அதற்கு நெடுந்தொலைவு போகவேண்டாம். இதே கள்ளக்குறிச்சி மாவட்டத்து எறையூருக்கு வாருங்கள்.

அங்கே இரு சாராரும் கத்தோலிக்கர். ஒரே மாதா, ஒரே செபமாலை. ஆனால் சமமாக நடத்தப்படவில்லை என்று குமுறிய தலித் கிறித்தவர்கள், தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டனர். மோதல் மூண்டது. 2008 மார்ச் 9-ல் போலீஸ் துப்பாக்கி வெடித்தது. இரண்டு உயிர்கள் போயின!

காவி கட்டி வந்த வெளியூர்க்காரனை மாதா கோயில் வரவேற்கிறது. அதே மாதாவின் பிள்ளைகளை, உள்ளூரிலே சாதி பிரித்து வைக்கிறது. என்னே விந்தை! 'அது அவர்கள் வீட்டுக் குறை' என்று நாம் நழுவலாமா? நம் ஊர்த் தேர் சேரித் தெருவுக்குள் வருகிறதா? அதே சாதிதானே சிலுவைக்குப் பக்கத்திலும், சூலத்துக்குப் பக்கத்திலும் காவல் நிற்கிறது!

நட்சத்திரம் கட்டிய கடைக்காரரை நாம் வாழ்த்துகிறோம். அண்டை வீட்டார் தந்த கேக்கை அன்போடு உண்போம். நாமும் பொங்கல் தருவோம். விழாவுக்கு வேலி போட வருவோரைக் கண்டால், "கச்சிராயர் காலத்திலேயே தாண்டிய வேலி இது, போய்வாரும்!" என்று சொல்வோம்.

அதோடு நின்றுவிடாதீர், தோழர்களே! அடுத்த மதத்தாருக்குத் தந்த பலகாரம், அடுத்த தெருவுக்கும் போகட்டும். அந்தத் தெருவிலிருந்து வருகிற பலகாரத்தை உங்கள் வீட்டிலே வாங்கி உண்ணட்டும். அன்றுதான் இந்த நட்சத்திரம் உண்மையிலே ஒளிவிடும்!