ஓட்டை போடாத கூரை எது?

"வெள்ளைக் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கூரை ஷீட்டின் சிமென்ட்டுக்குள் கெட்டியாக இருக்கிறது; இடிக்கும் முன் சோதனை வீண்செலவு" என்கிறார்கள். மதுரைக் கிட்டங்கிகளில் ஓட்டை போடாத, விரிசல் விடாத பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் ஒன்றைக் காட்டட்டும், ஒப்புக்கொள்கிறேன். துளையிடும்போதும் உடைக்கும்போதும் பறக்கிற இழை நுரையீரலில் தங்கும். புற்றுநோய் தலைகாட்டப் பல பத்தாண்டுகள் ஆகும். 'எங்கள் ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே' என்று முதலாளி சொல்வது அந்தத் தைரியத்தில்தான். (அன்று ஷீட் மாட்டிய கூலியாளின் முகவரியாவது அவரிடம் இருக்குமா?)

வெள்ளை உட்பட எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் தரும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005 முதல் தடை. நாமோ இன்னும் இறக்குமதி செய்கிறோம். கல்நார் கலக்காத ஷீட்டும் பார்வைக்கு அதே மாதிரிதான். சிறு துண்டை ஆய்வகத்துக்குக் கொடுத்தால் நுண்ணோக்கி சொல்லிவிடும். கிட்டங்கியை இடிக்க ஆள் கூப்பிடும் முன் அதைச் செய்யுங்கள்.